கிண்ணத்தின் வெளிச்சுவரில் டெக்ஸ்சர் பட்டை: பாதி இடத்தில் வடிவம், பாதி இடத்தில் பஞ்சு. ஏன்?

உளிமுனை (கேள்வி)

ஆஷ் மரக் கிண்ணம். விட்டம் 240 மி.மீ., உயரம் 80 மி.மீ., ஈரம் மீட்டரில் 11%. பலகைவாக்கில் எடுத்த கட்டை, அதாவது இழை கிண்ணத்துக்குக் குறுக்கே ஓடுகிறது. லேத்தில் (கடைசல் இயந்திரம்) வெளிப்புறம் கடைந்து 240 கிரிட் உப்புத்தாள் வரை தேய்த்தாயிற்று. உட்புறம் இன்னும் குடையவில்லை.

வாயிலிருந்து 10 மி.மீ. கீழே, 25 மி.மீ. அகலத்துக்குச் சுற்றிலும் ஒரு டெக்ஸ்சர் பட்டை வேண்டும். நட்சத்திரப் பல் சக்கரம் வைத்த கருவியை 600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 600 சுற்று) பிடித்தபோது கிடைத்தது இது: எதிரெதிராக இருக்கும் இரண்டு இடத்தில் வடிவம் தெளிவாக விழுந்திருக்கிறது. அவற்றுக்கு நடுவே இருக்கும் இரண்டு இடத்தில் இழை பிய்ந்து பஞ்சு மாதிரி நிற்கிறது. சரிசெய்யலாம் என்று இரண்டாம் முறை ஓட்டியதில் நன்றாக விழுந்த இடமும் கலங்கிவிட்டது.

தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. கோளாறு மரத்திலா, வேகத்திலா, கருவியைப் பிடித்த கோணத்திலா?
2. இந்தப் பட்டைக்கு வேறு வழி உண்டா? கையில் ஃபிளெக்சிபிள் ஷாஃப்ட் கிரைண்டர் (வளையும் தண்டு வைத்தது) ஒன்றும் அதில் மாட்டும் உருண்டை பர்களும் (சுழன்று வெட்டும் சிறு முனைகள்) இருக்கின்றன.
3. அடுத்ததாக 60 மி.மீ. விட்டத்தில் ஒரு டப்பா. அதன் மூடியில் சாட்டர் டூல் (பிளேடு அதிர்ந்து அடிக்கும் கருவி) வடிவம் போட வேண்டும். பிளேடை எவ்வளவு வெளியே நீட்டுவது?
4. பட்டையைக் கறுப்பாக்கும் எண்ணம். சாயம் பக்கத்து மரத்துக்குள் கசியாமல் இருக்க என்ன செய்வது?

---

சுருள்சீவல்

மூன்றுமே காரணம்தான், ஆனால் சம அளவில் இல்லை. முதல் காரணம் இழை போகும் திசை.

பலகைவாக்குக் கட்டையைக் கிண்ணமாகக் கடைந்தால் வெளிச்சுவர் ஒரு சுற்றுக்குள் நான்கு முறை முகம் மாறும்: எண்ட் கிரெயின் (இழையின் குறுக்குவெட்டு முகம்), பக்க இழை, மறுபடி எண்ட் கிரெயின், மறுபடி பக்க இழை. எண்ட் கிரெயினில் இழைகள் துடைப்பக் கட்டின் அடிப்பக்கம் மாதிரி நெருக்கமாக நிற்கின்றன. பல் குத்தினால் தலைகள் மட்டும் அறுபடும், குழியின் ஓரம் கூர்மையாக நிற்கும். பக்க இழையில் அதே குச்சிகள் படுத்துக் கிடக்கின்றன. பல் அவற்றை அறுப்பதில்லை, அடியில் நுழைந்து நெம்புகிறது. நெம்பிய இழைதான் நீங்கள் பார்க்கும் பஞ்சு. இதை எந்த வேகமும் முழுதாகச் சரிசெய்யாது.

இரண்டாவது காரணம் ஆஷ். இதன் வளையங்களில் வசந்தகால மரம் பெரிய துளைகளோடு மென்மையாகவும், கோடைகால மரம் கெட்டியாகவும் இருக்கும். ஒரே அழுத்தத்தில் பல் ஒன்றில் அமிழும், அடுத்ததில் வழுக்கும். மேப்பிள், பாக்ஸ்வுட், ஈட்டி, கருங்காலி போல நெருக்கமான மரங்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. கருங்காலியில் உலோக வேலைக்கான நர்லிங் (சொரசொரப்புப் பதிக்கும்) சக்கரம் ஓட்டினால்கூட வைரக் கட்டம் தெளிவாக விழும்.

இனி கோணம். சக்கரத்தின் தளமும் மரம் சுழலும் தளமும் ஒன்றாக இருந்தால் சக்கரம் மரத்தோடு சேர்ந்து வெறுமனே உருளும். அப்போது அது அறுக்காது, நசுக்கும். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் பற்கள் உருண்டுகொண்டே பக்கவாட்டிலும் இழுபடும். அந்த இழுபடல்தான் வெட்டு. சாய்வு கூடக்கூட வெட்டு கூடும், வடிவமும் நேர்க்கோட்டிலிருந்து சுருளுக்கு மாறும். 45 டிகிரி பக்கம் போனால் தெளிவான சுருள். சாய்க்கும் பக்கத்தை மாற்றினால் சுருளின் திசையும் மாறும். டூல் ரெஸ்ட்டை (உளி தாங்கி) மையத்தின் உயரத்தை ஒட்டி வையுங்கள். சக்கரம் மரத்தைத் தொடும் இடம் மையத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும், அப்போது பல் கவ்விப் பிடித்து எகிறாது.

இரண்டாம் ஓட்டத்தில் கலங்கியதற்குக் காரணமே வேறு. மரம் ஒரு சுற்று முடிந்து வரும்போது பற்கள் தங்கள் பழைய குழிகளிலேயே விழ வேண்டும். விழாவிட்டால் இரண்டு குழிக்கு நடுவே புதிதாக ஒரு வரிசை விழுந்து, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். கருவியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் அதே இடத்தில் விழ வாய்ப்பு குறைவு, ஏனென்றால் அதே கோணம் கையில் மறுபடி வராது. ஆகவே சக்கரக் கருவியில் ஒரே ஓட்டம்தான்: மெல்லத் தொட்டு, சக்கரம் மரத்தின் வேகத்தைப் பிடித்ததும் உறுதியாக அழுத்தி, அப்படியே எடுத்துவிட வேண்டும்.

ஆழமாகப் போவதற்கு முன் சோதிக்கவும் வழி உண்டு. ஒன்றிரண்டு நொடி மட்டும் தொட்டு, லேத்தை நிறுத்திப் பாருங்கள். குழிகள் ஒற்றை வரிசையாக இருந்தால் சரி. இரட்டையாக இருந்தால் கைப்பிடியின் சாய்வை ஒரு துளி மாற்றுங்கள், சாய்வு மாறினால் பல் இடைவெளியும் கொஞ்சம் மாறும். அப்படியும் சேராவிட்டால் விட்டத்தில் 0.3 மி.மீ. சீவி எடுங்கள், சுற்றளவு 0.9 மி.மீ. சொச்சம் குறைந்து பற்கள் விழும் கணக்கு மாறிவிடும். சின்ன விட்டத்தில் இது பலிக்கும். உங்கள் கிண்ணத்தின் சுற்றளவு 754 மி.மீ., அங்கே மரத்தின் அசைவும் கையின் அசைவும் சேர்ந்து கணக்கைக் குழப்பும்.

சுருக்கமாக: சக்கரக் கருவியும், ஹென்றி டெய்லர் நிறுவனத்தின் டெகரேட்டிங் எல்ஃப் போன்ற உருண்டைத்தலைக் கருவியும் எண்ட் கிரெயினுக்குப் பிறந்தவை. டப்பா மூடி, பம்பரம், மெழுகுவர்த்தித் தாங்கியின் அடி, இவற்றில் காட்டுங்கள். இந்தக் கிண்ணத்துக்கு உங்கள் பர்தான் சரி. இப்போதிருக்கும் வடிவத்தை முழுதாகச் சீவி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பிய்ந்த இழை கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழம் போயிருக்கும், 1 மி.மீ.யாவது எடுக்க வேண்டிவரும்.

---

கருந்தணல்

ஆஷ் என்றதும் எனக்குத் தோன்றுவது இது: மரத்துக்குள்ளேயே டெக்ஸ்சர் இருக்கிறது, வெளியே எடுத்தால் போதும். மென்மையான வளையத்தைக் கழித்துவிட்டால் கெட்டி வளையம் வரம்பு மாதிரி எழுந்து நிற்கும். மேலே சொன்ன அதே குறை இங்கே அழகாகிறது.

கருவி: கியாஸ் டார்ச், பித்தளைக் கம்பித் தூரிகை. பட்டையின் இரு ஓரத்திலும் காடி (பள்ளக்கோடு) போட்டுவிட்டு, பட்டையை மட்டும் கரித்தோல் பிடிக்கும் வரை சுடுங்கள். தீயை ஓரிடத்தில் நிறுத்தக்கூடாது. ஆறிய பிறகு இழை ஓடும் திசையிலேயே தூரிகையால் தேயுங்கள். லேத்தைச் சுழலவிட்டுத் தேய்த்தால் பாதி இடத்தில் தூரிகை இழைக்குக் குறுக்கே ஓடிக் கீறும்.

குடையாத கட்டை என்பது உங்களுக்கு நல்லதாயிற்று. குடைந்து 6 மி.மீ. சுவராக்கிய பிறகு சுட்டால், வெளிப்பக்கம் மட்டும் காய்ந்து சுருங்கி வெடிப்பு விழும். கனமாக இருக்கும்போது சூடு பரவி அடங்கிவிடும். சுடும்போது லேத்திலிருந்து கழற்றிவிடுங்கள், சக்கோடு (கட்டையைப் பிடிக்கும் பகுதி) சேர்த்துக் கழற்றினால் மையம் மாறாது. லேத்தின் அடியில் கிடக்கும் சீவல் குவியலுக்கு மேலே டார்ச் பிடிப்பதை யாருமே செய்யக்கூடாது.

பர் வேலைக்கும் ஆஷுக்கும் பொருத்தம் குறைவு என்பது என் எண்ணம். குழியின் ஓரம் துளைகளில் உடைந்து சொரசொரப்பாகத் தெரியும்.

---

நடுமையம்

கருந்தணல் சொன்ன வழி அழகானது. ஆனால் கேட்டிருப்பது சுற்றிலும் ஒரே மாதிரி பட்டை. சுட்டுத் தேய்த்தால் எண்ட் கிரெயின் பக்கம் புள்ளியும் வளைவும், பக்க இழைப் பக்கம் நீளக் கோடும் வரும். பட்டை நான்கு துண்டாகத் தெரியும். அது பிடித்திருந்தால் போடலாம். பிடிக்காவிட்டால் பர்தான். ஓரம் உடைவதற்கு மருந்து இருக்கிறது.

வேலை வரிசை:

பிய்ந்ததைச் சீவிவிட்டு, வெளிப்புறம் முழுவதையும் 320 வரை தேய்த்து முடியுங்கள். டெக்ஸ்சர் விழுந்த பிறகு உப்புத்தாளுக்கு அங்கே வேலை இல்லை, மேடுகளின் கூர்மை போனால் டெக்ஸ்சரே போயிற்று. பிறகு அந்த இடத்தில் சாண்டிங் சீலரோ (துளை அடைக்கும் அடிப்பூச்சு) நீர்க்கக் கரைத்த ஷெல்லாக்கோ (அரக்குப் பூச்சு) ஒரு கை பூசி நன்றாகக் காயவிடுங்கள். இழைகள் விறைத்து நிற்கும். விறைத்த இழை பிய்யாமல் அறுபடும். ஓரம் உடைவதற்கான மருந்து இதுதான்.

அடுத்து வரம்பு. பாயிண்ட் டூலால் (கூர்முனை உளி) பட்டையின் மேலும் கீழும் 1.5 மி.மீ. ஆழத்தில் வி வடிவக் காடி. இந்தக் காடி இல்லாமல் பர் வேலையில் இறங்காதீர்கள். பர் வழுக்கினால் காடியில் விழுந்து நிற்கும். கண்ணும் பட்டையின் ஓரத்தைத்தான் முதலில் பார்க்கிறது. ஓரம் சுத்தமாக இருந்தால் உள்ளே இருக்கும் சிறு பிசகு தெரியாது, ஓரம் கோணலாக இருந்தால் உள்ளே எவ்வளவு உழைத்தும் பயனில்லை.

பர்: 3 மி.மீ. உருண்டை, கார்பைடு. 15,000 முதல் 20,000 ஆர்பிஎம். பழுப்பேறி எரிவாடை வந்தால் ஒன்று பர் மழுங்கியிருக்கிறது அல்லது பல்லுக்குள் தூள் அடைத்திருக்கிறது. பித்தளைத் தூரிகையால் சுத்தம் செய்துவிட்டுத் தொடருங்கள். அழுத்தம் கூட்டுவது தீர்வல்ல.

ஆழம் 0.8 மி.மீ. போதும். அந்த ஆழத்தில் 3 மி.மீ. பர் போடும் குழியின் வாய் 2.6 மி.மீ. சொச்சம் இருக்கும். குழிகளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏற வேண்டும், நடுவே பழைய வழவழப்பு ஒரு புள்ளி அளவுகூட மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் கறுப்பு பூசிய பிறகு அந்தப் புள்ளிகள் மட்டும் பளபளவென்று காட்டிக்கொடுக்கும். கணக்குப் பார்த்தால் இந்தப் பட்டைக்கு 3,000 குழிக்கு மேல் வேண்டும். நொடிக்கு இரண்டு போட்டாலும் அரை மணி நேர வேலை. கை சோர்ந்தால் குழி ஆழமாகும், ஆகவே நடுவில் நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள்.

குழிகளை வரிசையாக மட்டும் போடாதீர்கள். கை தானாகவே வரிசை பிடிக்கும், அதைத் தடுக்க வேண்டும். முதலில் இரண்டு காடிகளையும் ஒட்டி ஓரக் குழிகளை முடித்துவிட்டு, நடுவில் ஏழெட்டுக் குழி சிதறலாக, பிறகு அவற்றுக்கு இடையே நிரப்பல், அப்படி உள்ளங்கை அகலம் முடித்துவிட்டு அடுத்த இடம். பர் தொடும்போது அது உருண்டு ஓடப் பார்க்கும் திசை ஒன்று உண்டு. அந்தத் திசைக்கு எதிராக இழுத்தபடி வேலை செய்தால் கட்டுப்பாடு இருக்கும். கைப்பிடியைப் பேனா மாதிரி பிடித்து, சுண்டுவிரலை மரத்தில் ஊன்றுங்கள். லேத் நின்றிருக்க வேண்டும், ஸ்பிண்டில் (லேத்தின் சுழல்தண்டு) பூட்டியிருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் லேத்தை ஓட்டி, அதே பாயிண்ட் டூலைப் புதிதாகத் தீட்டி, இரண்டு காடிகளிலும் ஒரு மயிரிழை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். பர் கடித்த ஓரம் எல்லாம் சுத்தமாகிவிடும். முழு வேலைக்கும் உயிர் கொடுப்பது இந்தக் கடைசிக் கீற்றுத்தான்.

---

உளிமுனை

நன்றி. பஞ்சு ஏன் எதிரெதிராக வந்தது என்பது இப்போது விளங்குகிறது. இரண்டு சந்தேகம்.

சிதறல் குழிக்குப் பதில் செங்குத்துக் கோடுகளாகப் போட்டால் நன்றாக இருக்குமா? லேத்தில் இண்டெக்ஸ் துளைகள் (சுற்றைச் சமமாகப் பிரித்து நிறுத்துபவை) 24 மட்டுமே. பர் போட்ட பிறகு குழிக்குள் நிற்கும் மெல்லிய பிசிறை எதனால் எடுப்பது?

---

நடுமையம்

கோடு நன்றாகவே இருக்கும், ஆனால் குழியைவிட மன்னிக்காத வேலை. ஒரு கோடு சாய்ந்தாலும் தெரியும்.

754 மி.மீ. சுற்றளவை 24ஆகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 31.4 மி.மீ. அதை மேலும் பிரிக்க இண்டெக்ஸ் தேவையில்லை. ஒரு நீளக் காகிதப் பட்டையைக் கிண்ணத்தில் சுற்றி, முனைகள் சரியாகச் சந்திக்கும் இடத்தில் வெட்டுங்கள். அதை எட்டாக மடித்து, ஒவ்வொரு எட்டையும் மூன்றாக மடித்தால் 24. இண்டெக்ஸ் துளைக் கணக்கோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு பங்கையும் இரண்டிரண்டாக மூன்று முறை மடித்தால் 192 கோடு, இடைவெளி 3.9 மி.மீ. காகிதத்தில் குறித்துக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். டூல் ரெஸ்ட்டை மையத்தின் உயரத்தில் சுவரை ஒட்டி வைத்தால் அதன் மேல்விளிம்பே கோடு வரையும் அளவுகோல்.

ஆனால் குறித்த எல்லாக் கோட்டையும் பர் போடுவதற்கு முன் யோசியுங்கள்: கோடுகள் பக்க இழைப் பகுதியில் இழைக்குக் குறுக்கே ஓடும், அங்கே ஓரம் உடையும். சீலரை அந்த இடத்தில் இரண்டு முறை பூசுவது நல்லது.

பிசிறுக்கு: உராய்வுத்துகள் கலந்த நைலான் தூரிகை, 320 கிரிட் அளவு, கிரைண்டரில் மாட்டிக் குறைந்த வேகத்தில். மேடுகளைத் தின்னாமல் பிசிறை மட்டும் எடுக்கும். அதுவும் போகாத இடத்தில் இன்னொரு கை சீலர் பூசிக் காயவிட்டு மறுபடி தூரிகை. இரும்புக் கம்பித் தூரிகை வேண்டாம். அதன் துணுக்கு ஒன்று மரத்தில் தங்கினால், டானின் (துவர்ப்புப் பொருள்) உள்ள மரத்தில் ஈரம் பட்டதும் கறுப்புப் புள்ளி விழும்.

---

சுருள்சீவல்

மூன்றாம் கேள்விக்கு யாரும் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

சாட்டர் டூல் என்பது மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல் பிளேடு, வேண்டுமென்றே அதிரவிடுவது. அது எண்ட் கிரெயினில், அதுவும் நெருக்கமான மரத்தில்தான் பேசும். ஆகவே மூடியை ஆஷில் செய்யாதீர்கள், பிளேடு துளைகளில் விழுந்து வடிவம் சிதையும். இழை லேத்தின் அச்சோடு நீளவாக்கில் போகும்படி கட்டையை மாட்ட வேண்டும், அப்போதுதான் மூடியின் மேல்முகம் முழுவதும் எண்ட் கிரெயின்.

பிளேடு நீட்டல் பற்றி ஓர் எண்ணைச் சொல்லி நிறுத்துவதைவிட, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நீங்களே பிடித்துவிடலாம். ஒரு முனை இறுகிய பட்டையின் அதிர்வெண் அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். நீட்டலை 40 மி.மீ.யிலிருந்து 30க்குக் குறைத்தால் அதிர்வு 1.8 மடங்கு போல வேகமாகும். ஒரு சுற்றுக்கு விழும் அடிகள் எத்தனை என்பது, நொடிக்கு எத்தனை அதிர்வு, நொடிக்கு எத்தனை சுற்று என்ற இரண்டின் வகுத்தல். கணக்குக்காக பிளேடு நொடிக்கு 800 முறை அதிர்கிறது என்று வையுங்கள். லேத் 1200 ஆர்பிஎம், அதாவது நொடிக்கு 20 சுற்று. ஒரு சுற்றுக்கு 40 அடி. வேகத்தை 600க்கு இறக்கினால் 80 அடி, வடிவம் நெருக்கமாகும்.

அடி எண்ணிக்கை முழு எண்ணாக விழுந்தால் அடுத்தடுத்த சுற்றின் அடிகள் ஒன்றன்பக்கம் ஒன்று அமர்ந்து, மையத்திலிருந்து கதிர்கள் விரிவது போல் தெரியும். கொஞ்சம் கூடவோ குறையவோ இருந்தால் கதிர்கள் வளைந்து சுருளாகும். வேகத்தில் சிறு மாற்றம் செய்தால் வடிவமே மாறுவது இதனால்தான்.

நடைமுறையில்: 30 மி.மீ. நீட்டலில் தொடங்குங்கள், 1000 முதல் 1500 ஆர்பிஎம்முக்குள். முகத்தைக் கூர்மையான உளியால் சுத்தமாகச் சீவியிருக்க வேண்டும். உப்புத்தாள் போட்டிருந்தால் அதன் துகள்கள் முகத்தில் தங்கி பிளேடின் முனையை உடனே மழுக்கும். பிளேடின் முனை கீழ்நோக்கிச் சரியும்படி கைப்பிடியைச் சற்று உயர்த்துங்கள். ஓரத்துக்கும் மையத்துக்கும் நடுவே தொட்டு, நிதானமாக ஒரே வேகத்தில் ஓரத்தை நோக்கி நகர்த்துங்கள். காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே சுருதியில் கிரீச்சென்று பாடினால் வடிவம் விழுகிறது. சுருதி ஏறி இறங்கினால் அழுத்தம் மாறுகிறது. சத்தமே இல்லாவிட்டால் பிளேடு அதிரவில்லை, சாதாரண ஸ்கிரேப்பராகச் சுரண்டுகிறது. அப்போது நீட்டலை 5 மி.மீ. கூட்டுங்கள்.

மூடியின் நட்டநடுவை பிளேடு தொடக்கூடாது. அங்கே மரத்தின் வேகம் பூஜ்யம், பிளேடு குத்தி நின்றுவிடும். 3 மி.மீ. ஆரம் விட்டுவிட்டு, பிறகு அந்த இடத்தில் ஸ்க்யூ உளியின் (சாய்வெட்டு முனை உளி) நீள்முனையால் ஒரு சிறு குமிழோ வி காடியோ போட்டு முடியுங்கள். பிடிக்காத வடிவம் விழுந்தால் 0.5 மி.மீ. சீவி மறுபடி. அதற்காகவே மூடியின் கனத்தை முதலில் 2 மி.மீ. கூடுதலாக வையுங்கள்.

---

அரக்குப்பூச்சு

சாயத்துக்கு என் பங்கு.

கசிவைத் தடுப்பதில் பாதி, வேலை வரிசையிலேயே இருக்கிறது. உட்புறம் குடையாமல் வைத்திருப்பது மிகச் சரி. வெளியே டெக்ஸ்சர், கறுப்பு, மேல்பூச்சு எல்லாம் முடித்துவிட்டு உள்ளே குடையுங்கள். வாய்ப்பக்கம் தப்பித் தெறித்த சாயம் உளியோடு போய்விடும்.

காடி சாயத்தைப் பெரும்பாலும் நிறுத்தும், ஆனால் எண்ட் கிரெயின் பகுதியில் காடிக்கு அடியிலேயே இழைக்குழல் வழியாக ஊடுருவும். ஸ்பிரிட் சாயம் நீர்த்தது, மிக வேகமாக ஓடும். அதனால் இந்தக் கிண்ணத்துக்குச் சாயத்தைவிட மரத்தின் மேல் படியும் கறுப்பு மேல். அக்ரிலிக் கறுப்பு ஸ்ப்ரே, காடிக்கு அப்பால் மாஸ்கிங் டேப் ஒட்டி, மூன்று மெல்லிய பூச்சு. ஒரே தடித்த பூச்சாக அடித்தால் குழிகள் நிரம்பி ஆழம் குறையும். ஒவ்வொரு பூச்சையும் வேறு வேறு கோணத்திலிருந்து அடியுங்கள், இல்லாவிட்டால் குழியின் ஒரு பக்கம் மட்டும் வெளுப்பாக நிற்கும்.

வினிகரில் ஸ்டீல் வூல் (இரும்பு நார்) ஊறவைத்த கரைசலால் கறுப்பாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அது டானினோடு வினைபுரிந்துதான் கறுக்கிறது. ஓக், வால்நட்டில் அருமை. ஆஷிலும் மேப்பிளிலும் டானின் குறைவு, முதலில் கடுந்தேநீர் பூசிக் காயவைக்க வேண்டும். அப்படியும் சாம்பல் நிறத்தில் நிற்கலாம். தவிர, இரண்டுமே நீர்க்கரைசல், இழையை எழுப்பிவிடும். பர் போட்ட குழியில் எழுந்த இழையைத் தேய்த்து எடுக்க முடியாது.

கறுப்பு காய்ந்ததும் சீலர் ஒரு கை. அதன் மேல் கில்டிங் வேக்ஸ் (பொன்னிற மெழுகு) போட ஆசை இருந்தால் இரண்டு விதம். விரல்நுனியில் மிகக் கொஞ்சம் எடுத்து மேடுகளை மட்டும் தடவினால் கறுப்புப் பள்ளம், பொன் மேடு. தூரிகையால் குழிகளுக்குள் அழுத்தி நிரப்பி, சில நிமிடம் கழித்து எண்ணெய் நனைத்த துணியால் மேலே மட்டும் துடைத்தால் பொன் பள்ளம், கறுப்பு மேடு. சீலர் போடாமல் வேக்ஸ் போட்டால் மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும், துடைத்தாலும் வராது.

மேல்பூச்சு ஸ்ப்ரே லாக்கர். கட்டி மெழுகு வேண்டாம், குழிகளில் தங்கி வெள்ளையாக உறையும். டேனிஷ் ஆயில் போட்டால், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு விடும், சுருட்டிக் கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

உணவு வைக்கும் கிண்ணம் என்றால் டெக்ஸ்சர் வெளிப்பக்கத்தோடு நிற்கட்டும்.

---

உளிமுனை

கடைசியாக ஒன்று. காடிகளைக் கம்பியால் எரித்துக் கறுப்பாக்கினால் அதுவும் கசிவுக்குத் தடையாகுமா?

---

கருந்தணல்

கொஞ்சம் உதவும், முழுத் தடை ஆகாது. அழகுக்காகச் செய்யுங்கள்.

இரும்புக் கம்பி, 0.8 முதல் 1 மி.மீ. தடிமன். இரு முனையிலும் மரக்கட்டைக் கைப்பிடி கட்டாயம். விரலில் சுற்றிப் பிடித்தால், கம்பி மாட்டிக்கொள்ளும் அந்த நொடியில் விரல் அதோடு போகும். காடி முதலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பி நடந்து போய்ப் பக்கத்தில் கோடு போடும். கம்பியை மேலிருந்து வையுங்கள், சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தழுவ வேண்டாம். உராய்வு விளிம்பின் வேகத்தைப் பொறுத்தது, இவ்வளவு பெரிய விட்டத்தில் 800 ஆர்பிஎம்மே நிறையப் புகையும். சின்னக் கம்பங்களுக்குத்தான் 1500க்கு மேல் தேவை. புகை எழுந்து மூன்று நான்கு நொடியில் எடுத்துவிடுங்கள்.

உங்கள் கிண்ணத்தின் சுவர் வாயை நோக்கி விரிவாகச் சரிந்திருந்தால் கம்பி நழுவும். அப்போது லேமினேட் தகட்டின் துண்டு ஒன்றை எடுத்து, அதன் விளிம்பைக் காடிக்குள் வைத்து அழுத்துங்கள். தட்டையான முகத்தில் கோடு எரிக்கவும் அதுதான் வழி, கம்பிக்கு அங்கே பிடிப்பே இல்லை.

எரிப்பதைப் பர் வேலைக்குப் பின், காடியை மறுபடி கீற்றிய பிறகு, பூச்சு எதுவும் போடுவதற்கு முன் செய்யுங்கள். நடுமையம் சொன்ன சீலர் காடிக்குள் இருந்தால் அந்தக் கடைசிக் கீற்றிலேயே போயிருக்கும்.

எரிக்கும் முன் தூசி உறிஞ்சியை நிறுத்திவிடுங்கள். ஒரே ஒரு கங்கு குழாய்க்குள் போனால் பைக்குள் இருக்கும் மரத்தூளில் மணிக்கணக்கில் கனன்று, நீங்கள் பட்டறையைப் பூட்டிப் போன பிறகு பற்றும். எரித்த இடம் கையால் தொட்டால் ஆறியிருக்கிறது என்று தெரிந்த பிறகு உறிஞ்சியைப் போடலாம்.

---

நடுமையம்

ஒரு சேர்க்கை: பர் வேலைத் தூள் மிக நுண்ணியது, சீவல் போலக் கீழே விழாது. முகக்கவசம் இல்லாமல் அந்த அரை மணி நேரத்தை உட்காராதீர்கள். சாட்டர் மூடிக்கு ஈட்டி மரத்தை எடுத்தால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், முழுக்கையை மூட நினைத்துத் தொளதொளச் சட்டை போட வேண்டாம், மணிக்கட்டில் இறுகும் கை வைத்ததே லேத்துக்கு ஏற்றது.

---

உளிமுனை

சரி. இழை பிய்ந்த ஆழம் பார்த்தாயிற்று, 1.2 மி.மீ. எடுத்ததும் சுத்தமாகிவிட்டது. இப்போது விட்டம் 237.6 மி.மீ. சீலர் காய்ந்துகொண்டிருக்கிறது. சிதறல் குழியே போடப்போகிறேன். அதே கட்டையின் ஒரு துண்டில் 50 மி.மீ. நீளத்துக்குக் குழி, கறுப்பு, வேக்ஸ் மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிண்ணத்தில் கை வைப்பது.

---

நடுமையம்

துண்டில் எண்ட் கிரெயினில் ஒன்று, பக்க இழையில் ஒன்று, இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒரே பர், ஒரே அழுத்தம் என்றாலும் பக்க இழையில் குழி ஆழமாக இறங்கும். அந்த வித்தியாசத்தைக் கை பழகிக்கொண்டு கிண்ணத்துக்குப் போகட்டும்.